மூன்றாவது முறையாக இறக்கிய கறிதோசைக் கல்

நான் கட்டிக்கொண்டிருக்கும் சாப்பாட்டு வண்டியின் கல்லில் போன ஞாயிற்றுக்கிழமை சோதனைக்கு ஒரு கறிதோசை ஊற்றினேன். மாவு நின்றது. மேலே உடைத்து ஊற்றிய முட்டை நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போய் பர்னருக்குள் சொட்டியது. "ஆம்லெட் அடுப்புக்குள்ளயா மாப்ள?" என்றார் மச்சான்.

வண்டி, மைக்செட்காரர் ஒருவர் ஜெனரேட்டர் ஏற்றி இழுத்த ஒற்றை அச்சு டிரெய்லர். 8க்கு 5 அடி. துரு சுரண்டியது, பிரைமர் அடித்தது, தரைக்குச் செக்கர் பிளேட் போட்டது எல்லாம் தானாக நடந்தது. இரண்டு மாதத்தைத் தின்றது இந்தக் கல்தான்.

3க்கு 2 அடி, 12 மில்லிமீட்டர் கனம், 50 கிலோவுக்கு மேல். ரெடிமேட் கல் விலையைக் கேட்டுவிட்டு, பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய பிளேட். (அப்படி வாங்குபவர்கள் ஈரத் துணியால் துடைத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். துருக்குழி இருந்தால் ஈரம் அங்கே மட்டும் தங்கும்.)

ரசமட்டம் வைத்தால் குமிழி நட்டநடுவில். அடுப்பு எரிந்து கால் மணி நேரம் கழித்து ஸ்டீல் ஸ்கேலை விளிம்பு கல்லில் படும்படி குறுக்கே நிறுத்தினால் நடுவில் தொடுகிறது, இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிகிறது. கல் உப்பியிருக்கிறது! முதல் முறை பர்னரைக் குறை சொல்லி, நடுவில் இருந்த ஒன்றை எடுத்துவிட்டு இரண்டு பைப் பர்னர் வைத்தேன். கொஞ்சம் குறைந்தது. இரண்டாம் முறை கல்லைத் திருப்பிப் போட்டேன். அது வீண் வேலை.

அப்புறம்தான் உறைத்தது. வெல்டர் அண்ணன் கல்லின் நான்கு பக்கமும் ஆங்கிளோடு (எல் வடிவ இரும்புச் சட்டம்) சேர்த்து வெல்டிங் பற்ற வைத்திருந்தார். ஒரு மீட்டர் இரும்பு 100 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். இந்தக் கல்லுக்கு 200 டிகிரியில் 2 மில்லிமீட்டர். பக்கவாட்டில் போக வழியில்லாவிட்டால் மேலேதான் எழும். "விட்டா ரோட்டுல துள்ளி விழும் தம்பி" என்றார் அண்ணன். அவர் பயமும் நியாயம்தான்.

கிரைண்டர் போட்டு எல்லாப் பற்றையும் அறுத்தேன். இப்போது கல் நான்கு போல்ட் தலைகள் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டைத் திருகினால் மட்டம் ஏறும், இறங்கும். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி. வண்டி ஓடும்போது மட்டும் ஒரு இரும்புப் பட்டையைக் குறுக்கே மாட்டிப் பூட்டிக்கொள்வது. நேற்று அரை மணி எரியவிட்டேன், எண்ணெய் நடுவிலேயே நின்றது.

அந்தச் சந்தோஷத்தில் கொத்து பரோட்டா போட்டுப் பார்த்தால், கொத்துகிற கொத்துக்கு வண்டியே பட்டை ஸ்பிரிங் மேல் ஆடுகிறது. மச்சான் ஒரு பக்கம் ஏறி நின்றால் எண்ணெய் அவர் பக்கம் போகிறது. நான்கு மூலைக்கும் ஸ்குரூ ஜாக்கி வேண்டும். மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர் பக்கம் பழையது கிடைக்கும் என்கிறார்கள்.

கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தங்கும் என்பதால் சிலிண்டர் பெட்டியில் தரையை ஒட்டித் துவாரம் போட்டாயிற்று. கூரை, புகைபோக்கி இரண்டும் பாக்கி. அதற்குள் பின்பக்கக் கதவில் ஜிகர்தண்டாவுக்கு ஐஸ் பெட்டி எவ்வளவு அகலம் வைக்கலாம் என்று டேப்பை வைத்து அளந்துகொண்டிருக்கிறேன். 22 அங்குலம் வருகிறது.