பழைய கணினியில் மீடியா பிளேயர்: 23.976 என்னும் தலைவலி

மூலையில் தூசி படிந்து கிடந்த ஓர் அலுவலகக் கணினி, தொலைக்காட்சியின் கீழ் உட்கார்ந்து ஒரு முழு நீளப் படத்தை எங்கும் துள்ளாமல் ஓட்டி முடித்துவிட்டது. ஓட்டியதில் பெருமை இல்லை; எச்.264 என்ற பரவலான சுருக்க முறையில் உள்ள படத்தை எந்தக் கணினியும் ஓட்டும். துள்ளாமல் ஓட்டியதில்தான் எனக்குப் பெருமை, அதனால் இந்தக் குறிப்பின் பெரும்பகுதி அந்த ஒரு விஷயத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

உள்ளே இருப்பது 2012-இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ3, நான்கு ஜிபி நினைவகம், பழைய வன்வட்டுக்குப் பதிலாக மாட்டிய சிறிய எஸ்எஸ்டி ஆகியவை. பென்டிரைவிலிருந்து, மீடியா பிளேயருக்கென்றே உள்ள சிறிய இயங்குதளமான லிப்ரேஎலெக் 12-ஐ நிறுவினேன். அதனுடன் படங்களை ஓட்டும் மென்பொருளான கோடி 21 வந்துவிடுகிறது. நிறுவுவதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. ஆனால் என்விடியா வரைகலை அட்டை வைத்திருப்பவர்கள் வழக்கமான ஜெனரிக் பதிப்பை விட்டுவிட்டு, ஜெனரிக் லெகசி என்ற பதிப்பைத் தேடி எடுக்க வேண்டும். இன்டெல், ஏஎம்டி என்றால் அந்தக் கவலை கிடையாது.

முதல் படத்தைப் போட்டவுடன் கேமரா பக்கவாட்டில் மெதுவாக நகரும் காட்சிகளில் படம் விட்டு விட்டு நகர்ந்தது. "பழைய கணினி, அவ்வளவுதான் தாங்கும்" என்பது இதைப் பார்க்கும் எல்லோரும் உடனே சொல்லும் தீர்ப்பு. படம் ஓடும்போதே விசைப்பலகையில் ஆங்கில 'ஓ' எழுத்தை அழுத்தினால் கோடி தன் உள்நிலவரத்தைத் திரையில் காட்டும். எச்.264 படத்தை வரைகலைப் பகுதியே பிரித்துக்கொண்டிருந்தது. செயலி ஏறக்குறைய சும்மா இருந்தது. தவறவிட்ட ஃபிரேம் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் கணினி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, சிக்கல் அதற்கும் திரைக்கும் இடையில் இருக்கிறது என்று பொருள்.

கணக்கு எளிமையானது. திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம், தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. அறுபதை இருபத்து நான்கால் வகுத்தால் இரண்டரை வருகிறது; அரை முறை காட்ட வழியில்லாததால் ஒரு ஃபிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படுகின்றன. பேசிக்கொண்டிருக்கும் முகங்களில் இது தெரியாது. வரிசையாக நிற்கும் தூண்களைக் கடந்து கேமரா நகரும்போதும், முடிவில் பெயர்கள் மேலேறும்போதும் கண்ணை உறுத்தும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அதன்பின் கதையைப் பார்க்கவே முடியாது என்பது என் அனுபவம். எனவே இதுவரை கவனிக்காதவர்கள் தயவுசெய்து தேடிப் பார்க்க வேண்டாம்.

இதற்கான மருந்து கோடியிலேயே இருக்கிறது. அமைப்புகளில் பிளேயர் பகுதிக்குள் வீடியோ பிரிவில், படத்துக்கேற்பத் திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது நொடிக்குப் புதுப்பிக்கும் எண்ணிக்கையை, மாற்றும் தெரிவை, தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் செயல்படும்படி வைக்க வேண்டும். வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. படம் தொடங்கியபின்னும் தொலைக்காட்சியின் தகவல் பட்டை 60 ஹெர்ட்ஸ் என்றே பிடிவாதமாகச் சொன்னது.

அமைப்புகளின் இடப்பக்க அடியில் இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தி, நிபுணர் நிலைக்கு மாற்றினால்தான் சிஸ்டம், டிஸ்ப்ளே பகுதியில் ஒயிட்லிஸ்ட் என்ற பட்டியல் கண்ணில் படும். தொலைக்காட்சி எந்தெந்த அளவுகளையும் ரேட்டுகளையும் ஏற்கும் என்று கணினி நம்புகிறதோ அவை அனைத்தும் அங்கே வரிசையாக இருக்கும். என் பட்டியலில் 1080பி அளவுக்கு 50, 59.94, 60 ஆகியவை மட்டுமே இருந்தன. இருபத்து நான்குக்கு அருகில் எதுவும் இல்லை. இல்லாத ஒன்றுக்கு மாறச் சொன்னால் கோடி எப்படி மாறும்?

தொலைக்காட்சியின் கையேடு 24 ஹெர்ட்ஸை ஏற்கும் என்றுதான் சொன்னது. குற்றவாளி, பல கருவிகளைத் தொலைக்காட்சியின் ஒரே துளையில் இணைக்க நடுவில் வைத்திருந்த எச்டிஎம்ஐ சுவிட்ச். திரை தன்னால் இயன்றவற்றை இடிஐடி என்ற சிறு தரவுத் தொகுப்பாகக் கணினிக்கு அனுப்பும். அடிப்படைத் தொகுப்பு 128 பைட்டுகள்தாம், கூடுதல் விவரம் அதே அளவுள்ள அடுத்த தொகுப்புகளில் வரும். தரமான சுவிட்ச் இதைத் தொடாமல் கடத்திவிடும். என்னுடையது தொலைக்காட்சியின் தொகுப்பை வாங்கி வைத்துக்கொண்டு தன்னுடைய சொந்தத் தொகுப்பை நீட்டிக்கொண்டிருந்தது. சுவிட்சைக் கழற்றிவிட்டு நேராக இணைத்தவுடன் 23.98, 24 இரண்டும் பட்டியலில் வந்து நின்றன. அட்டைப்பெட்டியில் பொன்னிற எழுத்தில் எதையெதையோ அச்சிடுபவர்கள் "இடிஐடியை மாற்றமாட்டோம்" என்ற ஒரு வரியை மட்டும் ஏன் அச்சிடுவதில்லை என்று தெரியவில்லை.

இதே இடிஐடி தொடர்பான இன்னொரு தொல்லையும் உண்டு. தொலைக்காட்சி அணைந்திருக்கும்போது கணினி இயங்கத் தொடங்கினால், தகவல் கிடைக்காமல் ஏதோ ஓர் அளவைத் தானாக ஊகித்துக்கொள்ளும். நல்ல இடிஐடி கிடைத்திருக்கும் வேளையில் வேறொரு கணினியிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் வழியே உள்ளே நுழைந்து கெட்இடிஐடி கட்டளையைக் கிரியேட் என்ற சொல்லுடன் கொடுத்தால், லிப்ரேஎலெக் அதைக் கோப்பாகச் சேமித்து, அடுத்த தொடக்கத்திலிருந்து அதையே பயன்படுத்தும். கெட்ட தொகுப்பைப் பிடித்து நிலைநிறுத்திவிடக் கூடாது என்பதால் சுவிட்ச் போன பின்னரே இதைச் செய்தேன்.

23.98, 24 என இரண்டு எதற்கு என்று கேட்கலாம். நாம் வாய்வழக்கில் 24 என்று சொல்லும் படங்களில் பெரும்பாலானவை உண்மையில் 24000-ஐ 1001-ஆல் வகுத்தால் வரும் 23.976 ஃபிரேம்களில் ஓடுபவை; பட்டியலில் அது 23.98 என்று சுருங்கியிருக்கிறது. வேறுபாடு எவ்வளவு தெரியும் என்று பார்க்க, தானாக மாறும் தெரிவை அணைத்துவிட்டு, திரையைச் சரியாக 24-இல் நிறுத்தி ஒரு 23.976 படத்தை ஓட்டினேன். ஆயிரம் ஃபிரேம் வரும் நேரத்தில் திரை ஆயிரத்தொரு முறை புதுப்பித்துவிடுகிறது. அதாவது ஏறத்தாழ 41.7 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேம் இரண்டாம் முறை காட்டப்பட வேண்டும். கைப்பேசியின் நிறுத்தற்கடிகாரத்தை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு பெயர்ப் பட்டியல் ஏறுவதைப் பார்த்தேன். சொல்லி வைத்தாற்போல் நாற்பத்திரண்டாவது நொடியை ஒட்டி எழுத்துகள் ஒரு கணம் நின்று நகர்ந்தன. 23.98-க்கு மாற்றியதும் அந்தத் தயக்கம் அகன்றது.

ஒயிட்லிஸ்டைக் காலியாக விட்டால் கோடி தானே ஒரு பட்டியலை வைத்துத் தேர்ந்தெடுக்கும். நான் அதை நம்பாமல் 1080பி அளவில் 23.98, 24, 25, 29.97, 30, 50, 59.94, 60 ஆகியவற்றை மட்டும் குறியிட்டு, படத்தை ஒன்றுவிட்ட வரிகளாகப் பிரித்துக் காட்டும் இன்டர்லேஸ் வகைகளை முற்றிலும் ஒதுக்கினேன். ரேட் மாறும்போது தொலைக்காட்சி ஓரிரு நொடி கறுத்துப்போகும். அதற்குள் படம் தொடங்கி முதல் வசனம் போய்விடும். டிஸ்ப்ளே பகுதியிலேயே ரேட் மாற்றத்துக்குப் பின் காத்திருக்கும் நேரம் என்ற தெரிவு இருக்கிறது. என் தொலைக்காட்சிக்கு மூன்று நொடி பொருந்தியது.

மறுமொழியாக வரப்போகும் அறிவுரையை முன்கூட்டியே தடுத்துவிடுகிறேன்: "திரையோடு ஒத்திசைத்து ஓட்டு" என்ற தெரிவைப் போட்டால் போதாதா? அது படத்தின் வேகத்தைச் சற்றே மாற்றி, ஒலியையும் அதற்கேற்பத் திருத்தும். ஒலியைத் தொட்டுவிடுவதால் டால்பி, டிடிஎஸ் ஒலியை அப்படியே ஒலிபெருக்கிகளை இயக்கும் ரிசீவருக்கு அனுப்பும் பாஸ்த்ரூ வேலை செய்யாது. ரிசீவர் வைத்திருப்பவருக்கு அது மருந்தாகாது.

இணைப்பிகளைப் பற்றியும் ஒரு புலம்பல் இருக்கிறது. இந்தக் கணினியில் எச்டிஎம்ஐ துளை கிடையாது, டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமே. துளையின் அருகில், எச்டிஎம்ஐ சிக்னலையும் தரவல்லது என்பதைக் காட்டும் டிபி++ குறி இருந்தால் மின்சுற்று அதிகமில்லாத பேசிவ் மாற்றியே போதும். அது இடிஐடியில் கை வைக்காது. பழைய முதல் வகை மாற்றிகள் 165 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் வேகம் வரைதான் தாங்கும், 1080பி 60-க்கு 148.5 போதுமானது என்பதால் கவலையில்லை. ஆனால் விற்பவர்களில் பெரும்பாலோர் பேசிவா, சிப் வைத்துச் சிக்னலை மாற்றும் ஆக்டிவா என்பதைக்கூட எழுதுவதில்லை. கேட்டால் "4கே வரும்" என்று பதில் தருகிறார்கள். கேட்டது அதுவன்று.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயலியின்மேல் காய்ந்து கிடந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசியதில் மின்விசிறியின் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. தொடக்க மென்பொருளான பயாஸின் அமைப்புகளைக் கணினி மறந்துகொண்டே இருந்ததால் சிஆர்2032 பொத்தான் மின்கலத்தையும் மாற்றினேன். கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரிந்தபோது கோடியின் 16–235 வண்ண வரம்புத் தெரிவைத் தொலைக்காட்சியோடு பொருத்தினேன்.

இந்தக் கணினியின் எல்லை, எச்.264-க்கு அடுத்து வந்த சுருக்க முறையான எச்இவிசி. மூன்றாம் தலைமுறை இன்டெல்லின் வரைகலைப் பகுதிக்கு எம்பெக்-2, விசி-1, எச்.264 போன்ற பழைய சுருக்க முறைகளே தெரியும். எச்இவிசி வந்தால் முழுச் சுமையும் செயலியின் தலையில் விழும். 1080பி அளவில் சமாளிக்கிறது, 4கே 10 பிட் என்றால் கைவிரித்துவிடுகிறது. பத்து பிட் எச்இவிசியை வன்பொருளிலேயே பிரிக்கும் வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. இன்டெல் என்100 செயலி ஆறு வாட் வரையறையில் ஏவி1 என்ற இன்னும் புதிய முறையையும் பிரிக்கிறது என்பதால் அடுத்த பெட்டிக்கு அதன்மேல் ஒரு கண் வைத்திருக்கிறேன். இதை முடிக்காமல் அதை வாங்குவதில்லை என்று சொல்லிக்கொண்டாலும் விற்பனைப் பக்கம் திறந்தே கிடக்கிறது.

முடியாமல் நிற்பது ரிமோட். இத்தகைய கணினிகளில், ரிமோட் கட்டளைகளைக் கம்பி வழியே கடத்தும் எச்டிஎம்ஐ-சிஇசி கிடையாது, எனவே தொலைக்காட்சி ரிமோட் கோடியை இயக்காது. தற்போதைக்குக் கைப்பேசியில் கோடிக்கான ரிமோட் ஆப்பான கோரேயால் ஓட்டுகிறேன். யுஎஸ்பி அகச்சிவப்பு ரிசீவர் ஒன்றை மாட்டியதில் மேல் கீழ் விசைகள் வேலை செய்கின்றன, உறங்கும் கணினியை எழுப்புவது மட்டும் நடக்கவில்லை. பயாஸில் இஆர்பி என்ற மின்சேமிப்புத் தெரிவு இயங்கினால், கணினி அணைந்திருக்கும்போது யுஎஸ்பி துளைகளுக்கான மின்சாரம் துண்டிக்கப்படும். அதை அணைத்து, யுஎஸ்பி வழி எழுப்பும் தெரிவையும் இயக்கியாயிற்று. இனி பின்பக்கத் துளைகளில் எது உறக்கத்திலும் மின்சாரம் தருகிறது என்று ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்க வேண்டும். அதுவரை பெட்டியின் மூடியைத் திருகப்போவதில்லை.