முடி முளைக்குமா சிஸ்டர்?

"பிள்ளைக்கு முடி முளைக்குமா சிஸ்டர்? உள்ளதச் சொல்லுங்க." குளச்சல் பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான். "சுத்தியுள்ள இடத்துல முளைக்கும்க்கா. வீங்கிப் பழுத்த இடத்துல இப்போ சொல்ல முடியாது" என்றேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னதில் பொய் இல்லை. தலையில் வரும் பூஞ்சைத் தொற்று பெரும்பாலும் வட்டவட்டமாகச் செதில் எழுப்பும். முடி தோலோடு ஒடிந்து கரும்புள்ளியாகத் தெரியும். மருந்து எடுத்தால் திரும்ப முளைத்துவிடும். இவளுக்கோ உச்சந்தலை கொழகொழவென்று வீங்கி, பல கண் வைத்துச் சீழ் கசிந்தது. அப்பிய மஞ்சள் காய்ந்து முடியோடு ஒட்டியிருந்தது. இந்த அளவுக்குப் பழுத்தால் சிலருக்குத் தழும்பு விழுந்து அந்த இடம் வழுக்கையாகவே நின்றுவிடும். புழுவெட்டு என்று நினைத்து வீட்டில் சின்ன வெங்காயம் தேய்த்திருக்கிறார்கள். அப்புறம் கடைக் களிம்பு. களிம்பு முடியின் வேர்வரை போகாது, மாத்திரைதான் வேண்டும். பாட்டி கீறிவிடச் சொன்னார். இதைக் கீறக் கூடாது. டாக்டர் எழுதிய கிரிசியோஃபுல்வின் என்ற பூஞ்சைக்கான மாத்திரையை 6 முதல் 8 வாரம் கொடுக்க வேண்டும், கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும். தேங்காய் அரைத்த மீன்குழம்புச் சோறு போதும் என்றேன். ஒரே சீப்பில் தலைவாரும் தம்பியையும் கூட்டிவரச் சொன்னேன். இதிலெல்லாம் எனக்குத் தயக்கமே இல்லை.

அந்த ஒரு பதில்தான் உறுத்துகிறது. கேட்டதும் பிள்ளை கையைத் தலைக்குக் கொண்டுபோனாள். அம்மா தட்டிவிட்டதும் மடியில் வைத்துக்கொண்டாள். "மக்களே, கொஞ்சம் வெளிய நில்லு" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தினமும் மாத்திரை விழுங்கப் போவது அவள்தானே? முளைக்கும் என்று அடித்துச் சொல்லி, மாதம் ஒன்று கழிந்தும் முளைக்காவிட்டால் மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நம்பிக்கை போய்ப் பாதியில் நிறுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன், அதுவும் உண்மை.

இவர்கள் நிறுத்தவில்லை. சுற்றிலும் முடி வந்துவிட்டது. நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு வழவழவென்று இருக்கிறது. "சிஸ்டர் அன்னைக்கே சொன்னாங்கல்லா" என்று அம்மா அவளிடம் சொன்னார். ஆறுதலாகச் சொன்னாரா, எனக்கு உறைக்கட்டும் என்று சொன்னாரா, பிடிபடவில்லை.

இப்போதெல்லாம் பெரியவர்களிடம் முதலில் தனியாகப் பேசுகிறேன். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் என்றால் அவர்களிடமே சொல்லிவிடுகிறேன். எட்டு வயது எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.