நல்ல சூடு

“வளைவாலதானே சார் போச்சு?” என்று, முதுகு வளைந்திருந்த தன் பாம்புக்குட்டி இறந்தபின் அந்த இளைஞர் தொலைபேசியில் கேட்டபோது, “வளைவும் ஒரு காரணம், தம்பி” என்று சொன்னேன். சொன்னதில் பொய் இல்லை. ஆயினும் ஆடி போய் ஐப்பசி வந்துவிட்ட பின்பும் அந்த ‘உம்’மைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. வேறு என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டுவிடக் கூடாதே என்றுதான் நான் காத்திருந்தேன்.

அது பொரித்து 34 நாளான பால் பைத்தான் குட்டி. பெயரில் உள்ளது நாம் புற்றுக்கு ஊற்றும் பால் அன்று; பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அஞ்சினால் தலையை நடுவில் ஒளித்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்கப் பாம்பு அது. நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் இடம் தராது. இத்தகைய அயல்நாட்டு இனங்களை வைத்திருப்பதையும், அவை குட்டி பொரிப்பதையும் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பதிவு செய்ய வேண்டும். அவர் குட்டியைக் காட்டும் முன்பே பதிவுத் தாளைக் காட்டினார். பொரித்த நாள், எடை, தோல் உரித்த நாள், இரையை மறுத்த நாள் அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். கால்நடை மருத்துவனான என் பணிக்காலம் மாடும் ஆடும் நாயுமாகவே கழிந்தது. பாம்பைப் பொறுத்தவரை என்னைவிட அவருக்கு அதிகம் தெரியும் என்று அந்தக் குறிப்பேட்டைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன்.

எட்டு முட்டைகளில் இது ஒன்று மட்டும் தானாக வெளிவரவில்லை. மஞ்சள் கரு முழுவதும் வயிற்றுக்குள் இழுக்கப்படும்வரை குட்டி தலையை மட்டும் நீட்டியபடி ஓட்டுக்குள்ளேயே ஒரு நாளோ இரண்டு நாளோ கிடக்கும். அதற்குள் அவசரப்பட்டு ஓட்டை வெட்டி எடுத்துவிட்டதாக அவரே வருத்தத்துடன் சொன்னார். தொப்புள் ஈரத் தாளின்மேல் பல நாள் கிடந்துதான் மூடியிருந்தது. உடலின் பின்பாதியில் முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்து, விரலால் தடவினால் சிறு முடிச்சுபோல் தட்டுப்பட்டது. அடைவைத்தபோது சூடு மிகுந்துபோவதும் இத்தகைய வளைவுக்கு ஒரு காரணம். பொரித்தபோது 52 கிராம் இருந்த குட்டி 41 கிராமாக இளைத்திருந்தது. விலாத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே மறையவில்லை.

உடன் வந்திருந்த பாட்டி, நாகர்கோவில் நாகராஜா கோயிலில் பிரசாதமாகத் தரும் மண்ணை இலைக் கீற்றில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். “இதுல கொஞ்சம் பெட்டிக்குள்ள தூவட்டா மக்கா?” என்று என்னிடம் கேட்டார். தொப்புள் இப்போதுதான் ஆறியிருக்கிறது, மண் ஒட்டினால் சீழ் வைக்கும் என்று விளக்கினேன். அவர் முகம் கோணவில்லை. பொதியைப் பெட்டியின் மூடிமேல் வைத்துக்கொண்டார். அந்த அளவுக்கு நான் கவனமாகத்தான் இருந்தேன்.

பிறகு கேட்டேன்: “வீட்டில் பெட்டிக்குள் சூடு எவ்வளவு இருக்கிறது?”

“பல்பு போட்டிருக்கேன் சார். கைய வச்சுப் பாத்தேன், நல்ல சூடாத்தான் கெடக்கு.”

நான் எவ்வளவு என்று கேட்டேன். அவர் எப்படி என்று சொன்னார். அந்தப் பதிலை நான் ஏற்றுக்கொண்டேன். வெந்நீர்ப் போத்தலுக்குமேல் துணி விரித்துக் குட்டியைக் கொண்டுவந்திருந்த தெர்மாகோல் பெட்டிக்குள் நானும் கையை விட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. சாரலில் குலசேகரத்திலிருந்து தக்கலைக்கு நனைந்து வந்தவருடைய கைக்கும், அப்போதுதான் குழாய் நீரில் கழுவிய என் கைக்கும் எதுதான் சூடாக இருக்காது என்று அன்று தோன்றவில்லை.

மழையில் விறைத்த ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு யாரேனும் வந்தால், ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்க்காமல் ஒரு சொட்டுப் பாலும் புகட்ட விடமாட்டேன். உடல் குளிர்ந்திருக்கும்போது வயிற்றில் விழுவது உணவாகாது. தன் உடம்பில் சூடு உண்டாக்கும் ஆட்டுக்குட்டிக்கே அப்படியென்றால், சூட்டை முழுவதும் வெளியிலிருந்தே பெறும் பாம்புக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியின் ஒரு பக்கமாவது 31, 32 டிகிரி இருக்க வேண்டும். குறைந்தால் விழுங்கிய இரை செரிக்காமல் வயிற்றுக்குள்ளேயே அழுகும். இது எனக்குத் தெரியாதது அன்று. முதலில் சூடு, அடுத்து நீர், அதற்கும் பிறகே இரை என்று படித்தவன், அந்த வரிசையை மாற்றி மயிர் முளைக்காத எலிக்குஞ்சின் தலையை அதன் வாய்க்குள் மெல்லத் தள்ளினேன். இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தது; பிறகு கழுத்துத் தசை அலைபோல் ஓடி, இரை உள்ளே இறங்கியது. பாட்டி கைகூப்பினார். எனக்கும் மகிழ்ச்சியாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

11 கிராம் இழந்த உயிரை இன்னும் ஒரு வாரம் பட்டினி போடச் சொல்லியிருந்தால், அதுவும் தவறாகியிருக்கலாம். அவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராததால்தான் செய்தேனா என்றும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் கலந்திருந்தன.

நான்காம் நாள் இரை வெளியே வந்துவிட்டது, நாற்றம் அடிக்கிறது என்று அழைத்தார். வெப்பமானி வாங்கி வைக்கச் சொன்னேன். மறுநாள் விடியலில் 24 டிகிரி. காற்றில் மரம் விழுந்து இடையில் மூன்று இரவு மின்சாரமே இல்லையாம். அதற்கு இரண்டு நாள் கழித்துக் குட்டி இறந்தது. அவர் இசைவோடு அறுத்துப் பார்த்தேன். வளைந்த இடத்தில் குடல் நெருக்குண்டு, அதற்குமேல் வாயு கட்டியிருந்தது. எனவே வளைவு காரணம் என்பதற்குச் சான்று உண்டு. ஆனால் இரை குடல்வரை போகவே இல்லை. இரைப்பையிலிருந்துதான் முழுதாகத் திரும்பியது. கீழே அடைப்பு இருந்தால் மேலே உள்ளது இறங்காமல் நிற்கும் என்று என் பக்கம் வாதாடலாம்; பலமுறை வாதாடியும் இருக்கிறேன். முடிச்சு பாம்பினுடையது, சூட்டை அளக்காமல் விட்டது என்னுடையது என்பதால் நான் முடிச்சைத் தேர்ந்தெடுத்தேனோ என்ற ஐயம் அதனால் தீரவில்லை. சூட்டைச் சொல்லியிருந்தால், பல்பு போட்டது தான்தானே என்று அவர் தன்னை நொந்துகொண்டிருப்பார். அவருக்காகத்தான் சொல்லவில்லை என்பதும் உண்மைதான்.

மீதி ஏழு குட்டிகளுக்காகச் சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும், மின்சாரம் போனால் தாங்க ஒரு இன்வெர்ட்டரும் வாங்கச் சொன்னேன், எதற்கென்று விளக்கவில்லை. வாங்கினார். சென்ற வாரம் 31.5 என்று ஒளிரும் எண்ணைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். படத்தின் ஓரத்தில், மூடியின்மேல் அந்த இலைப் பொதி இன்னும் இருந்தது. “எல்லாம் இரை எடுக்குது சார்” என்று கீழே எழுதியிருந்தார். நீண்ட பதில் ஒன்றை எழுதத் தொடங்கி, அழித்துவிட்டு, “மிக்க மகிழ்ச்சி, தம்பி” என்று மட்டும் அனுப்பினேன்.