சிங்க் எங்கே?

படத்தைக் காட்டியதும் ஓவியர் அக்கா முதலில் கேட்டது, "சிங்க் எங்கே தங்கச்சி?" என்றுதான்.

ஒரு கட்டடக்கலைப் போட்டிக்காக நாங்கள் மூன்று பேர் இரண்டு வாரமாக நித்திரை முழித்து வரைந்த படம் அது. கொழும்புக்குத் தெற்கே பொல்கொட ஏரிக்கரையில், மரங்களுக்கு நடுவே, மெல்லிய தூண்களில் நிற்கும் ஆறு கண்ணாடிக் கூடுகள். கூட்டுக்கு ஒரு கலைஞர். தண்ணீரைப் பார்த்தபடி வேலை செய்வார். கணினியில் அந்தி வெளிச்சத்தோடு நிஜம்போல் ரெண்டர் செய்து, கரையோரம் ஒரு கொக்கையும் நிற்க வைத்திருந்தோம். அக்கா கொக்கைக் கவனிக்கவில்லை. தரைப்படத்தில் விரலை வைத்து ஒவ்வொரு கூடாகத் தேடினார். குளியலறையில் ஒரு சின்ன பேசின் இருந்தது. அதைக் காட்டினேன். "இதிலா நான் தூரிகை கழுவுறது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போட்டி இதுதான்: ஓவியர், சிற்பி, எழுத்தாளர் என்று ஆறு பேர் மூன்று மாதம் வந்து தங்கி வேலை செய்ய ஓரிடம். ரெசிடென்சி என்கிறார்கள். நிலம் பொல்கொடவின் கிழக்குக் கரையில், பிலியந்தலைப் பக்கம். மொத்தக் கட்டடம் 600 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. தண்ணீர் விளிம்பிலிருந்து பத்து மீட்டருக்குள் ஒன்றும் கட்டக்கூடாது. இரண்டு ஏ1 தாள்கள். தாளில் பெயர் போடக்கூடாது, பதிவு இலக்கம் மட்டும். 'இயற்கையோடு இயைந்த' என்ற சொல் விதிப் புத்தகத்தில் நாலு இடத்தில் வந்தது.

அக்கா மட்டக்களப்புக்காரர். தெஹிவளையில் ஓர் அனெக்ஸில் இருந்து வரைகிறார். கொழும்பு கிரீன் பாத்தில் வருடாவருடம் நடக்கும் கலா பொல என்ற தெருவோர ஓவியச் சந்தையில், வேலியோரம் படங்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் பழக்கமானார். இப்படி ஓர் இடத்தில் அவர் முன்பு இரண்டு மாதம் தங்கியிருக்கிறார். எங்கே என்று எழுத மாட்டேன். காட்சிக்குக் குறைவில்லையாம், ஆனால் டர்பன்டைன் தொட்ட தூரிகையைக் குளியலறையில் கழுவி, வெள்ளைப் பளிங்கில் நீலம் ஏறி, பொறுப்பாளரிடம் ஏச்சு வாங்கினாராம். மேசை ஜன்னலோரம் இருந்ததால் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு கண் கூசி வேலை ஓடவில்லை. கடைசியில் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தி, ஜன்னலை மறைத்துவிட்டு வரைந்திருக்கிறார்.

கட்டில் கதை என்னை விடவில்லை. யாரோ ஒரு கட்டடக் கலைஞர் அந்த ஜன்னலுக்காக எத்தனை நாள் மெனக்கெட்டிருப்பார்!

அடுத்த ஞாயிறு பாமன்கடையில் 120 பஸ் பிடித்து, பிலியந்தலையில் இறங்கி, ஓட்டோவில் போய் நிலத்தைத் திரும்பப் பார்த்தேன். முதல் தடவை போனபோது முந்நூறு போட்டோ எடுத்தோமே தவிர, ஒருவரிடமும் கதைக்கவில்லை. இந்த முறை கரையில் தோணி கட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அறுபது வயதிருக்கும். என் சிங்களம் வெள்ளவத்தைச் சிங்களம், பஸ்ஸுக்கும் கடைக்கும் போதும், தாவரங்களின் பெயருக்குப் போதாது. அவர் 'நங்கி, நங்கி' (தங்கச்சி) என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார்.

எங்கள் படத்தில் கரையோரம் ஒரு பச்சைத் திட்டு இருந்தது. 'உள்ள மரங்கள் அனைத்தும் காக்கப்படுகின்றன' என்று பக்கத்தில் பெருமையாக எழுதியிருந்தோம். அதைத்தான் முதலில் வெட்ட வேண்டும் என்றார் அவர். அது வெல் ஆத்தா. சீத்தாப்பழ இனம், அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது, கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்புகளை எல்லாம் மூடிக்கொண்டு வருகிறது. அதன் கீழே வேறெதுவும் எழும்பாது. ரெண்டரில் மட்டும் நல்ல வடிவாக இருக்கும்.

வைத்திருக்க வேண்டியது எது என்று கேட்டேன். ஒரு கும்புக் மரத்தைக் காட்டினார். நாங்கள் மருது என்போமே, அது. இரண்டு பேர் கை கோத்தாலும் அணைக்க முடியாத அடிமரம். அதில் என் இடுப்புக்கும் மேலே சேற்று நிறத்தில் ஒரு கோடு. "தண்ணி இவ்வளவு வரும்" என்றார். நாடாவால் அளந்தேன், நிலத்திலிருந்து 1.1 மீட்டர். எங்கள் கூடுகளின் தளம் 90 சென்டிமீட்டரில் இருந்தது, பார்க்க மிதப்பதுபோல் இருக்கும் என்பதற்காக. அவ்வளவு வந்தால் உண்மையாகவே மிதந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து படத்தைத் தூக்கிப் போட்டோம். கொக்கு போனதில்தான் என் தோழிக்குக் கவலை.

அப்புறம் வெளிச்சம். ஓவியர் அறைக்கு வடக்குப் பக்கம் ஜன்னல் வை, நேர் வெயில் வராது, நாள் முழுக்க ஒரே சீரான ஒளி கிடைக்கும் என்று பாடப் புத்தகம் சொல்லும். நானும் பரீட்சையில் அப்படி எழுதிப் புள்ளி வாங்கியவள்தான். புத்தகத்தை எழுதியவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள், அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும். நாங்கள் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய ஏழு பாகையில் இருக்கிறோம். ஒவ்வொரு ஏப்ரலும் பேப்பரில் போடுவார்களே, 'இன்று நண்பகல் 12.12க்கு இன்னின்ன ஊர்களுக்கு மேலே சூரியன் உச்சம் கொடுக்கிறது' என்று? உச்சம் கொடுத்துவிட்டு அது அங்கேயே நிற்பதில்லை, வடக்கே போய்விடும். ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டெம்பர் முதல் வாரம் வரை, ஐந்து மாதம், கொழும்பில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் விழுகிறது. ஜூன் 21இல் உச்சியிலிருந்து பதினாறு பாகைக்கு மேல் சரிந்து நிற்கும்.

இத்தனை வருடம் இதைப் பேப்பரில் வாசித்துவிட்டு வடை சுற்றியிருக்கிறேன், ஜன்னலோடு முடிச்சுப் போட்டதில்லை.

கணக்குப் போட்டால் மத்தியானம் பெரிய பிரச்சினை இல்லை. 2.4 மீட்டர் உயரத் திறப்புக்கு முக்கால் மீட்டர் தாழ்வாரம் போதும். மழைக்கு எப்படியும் ஒன்றரை மீட்டர் தேவை, ஆகவே அது தானாகச் சரியாகிவிடும். காலையும் பின்னேரமும்தான் தொல்லை. ஜூனில் சூரியன் வடகிழக்கில் எழும்பி வடமேற்கில் விழும், தாழ்வாரத்துக்குக் கீழே புகுந்து நேராகக் கான்வாஸில் அடிக்கும். அதனால் திறப்புக்கு இரு பக்கமும் சுவரை வெளியே நீட்டினோம், குதிரைக்குக் கண்பட்டை கட்டுவதுபோல. அட்டையில் ஒன்றுக்கு இருபது அளவில் ஓர் அறை செய்து, எங்கள் ஃபிளாட் மொட்டை மாடியில் வைத்து, ஜூன் வெயிலின் கோணத்துக்குச் சரித்துப் பிடித்துப் பார்த்தோம். உள்ளே ஒரு தீப்பெட்டியைக் கான்வாஸ் என்று நிறுத்தினோம். உடுப்புக் காயப்போட வந்த மேல்மாடி அன்ரி, "இதென்ன பிள்ளை, கொலுவா?" என்று கேட்டார்.

பெரிய சண்டை மேற்கைப் பற்றியது. நிலம் கிழக்குக் கரை என்றேன், ஏரி மேற்கே கிடக்கிறது. காட்சி முழுவதும் அந்தப் பக்கம், பின்னேர வெயிலும் மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலும் அதே பக்கம். நான் வேலை அறைகளை ஏரிக்கு முதுகு காட்ட வைப்போம் என்றேன். ஏரிப் பக்கம் பூசாத தடித்த சுவர், மேலே காற்றுத் துவாரம் மட்டும். திறப்பெல்லாம் வடக்கும் கிழக்கும். தோழி கொதித்துப்போனாள். "ஏரிக்கரையில் ஏரியைப் பார்க்காத கட்டடமா? நடுவர்கள் முதல் சுற்றிலேயே தூக்கி வீசுவார்கள்" என்றாள். அது நடக்கக்கூடியதுதான். மற்ற எல்லாத் தாளிலும் சூரிய அஸ்தமனம் இருக்கும், எங்கள் தாளில் சுவர்.

ஆனால் ஹோட்டலுக்கு வருபவர் பார்க்க வருகிறார், இங்கே வருபவர் வேலைக்கு வருகிறார். ஆறு பேருக்கும் பொதுவான ஒரு நீண்ட விறாந்தையை ஏரியைப் பார்க்க வைத்தோம். சாப்பாடு, பிளேன்டீ, கதை எல்லாம் அங்கே. தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் வேலையை விட்டு எழும்பி நடந்து வர வேண்டும். நாற்பது அடி. அந்த நடையும் வடிவமைப்பில் சேர்த்திதான் என்று அவளிடம் சொன்னேன். அரை மனதோடு ஒப்புக்கொண்டாள்.

கொழும்பில் ஏரி, தோட்டம், விறாந்தை என்று வாயைத் திறந்தாலே இலங்கையின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வந்து உட்கார்ந்துவிடுவார். அக்கரையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் லுனுகங்கவுக்குப் போகாத ஆளில்லை. தெத்துவ ஏரிக்கரையில் அவர் 1948இல் வாங்கிய பழைய தோட்டம் அது. எல்லோரும் அங்கே போய் 'எவ்வளவு இயற்கை' என்று மூச்சு விடுவார்கள். வெட்டியும் நட்டும் மேட்டைத் தாழ்த்தியும் ஐம்பது வருடம் செய்த வேலை அது, தானாக வளர்ந்தது ஒரு பகுதிதான். வெல் ஆத்தாவை வெட்டத் தயங்கிய தோழிக்கு இதைத்தான் சொன்னேன்.

எங்களில் மூன்றாமவன் நடுவில் முற்றம் கேட்டான். எனக்கும் ஆசைதான். அம்மம்மாவின் நாற்சார் வீட்டுக் கதை கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு 1,250 மில்லிமீட்டர் அளவில் மழை, அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். பிறகு முற்றம் காய்ந்து, மிளகாயும் ஒடியலும் பரப்பலாம். கொழும்பில் அதைப்போல் இரண்டு மடங்கு, வருடம் முழுக்கப் பிரிந்து பெய்யும். இங்கே முற்றம் கட்டினால் பாசிதான் காயப்போடலாம். முற்றத்தை விட்டோம். கூரைக்குப் பாவா காட்டிய வழியில் பாதியை எடுத்தோம்: அவர் அலைத் தகட்டின் மேல் அரைவட்ட ஓடு பரப்புவார், ஒழுக்கும் நிற்கும், மழைச் சத்தமும் அடங்கும். அவர் போட்டது அஸ்பெஸ்டஸ். நாங்கள் அதைத் தொடவில்லை, உலோகத் தகடு போட்டோம்.

இனி சிங்க். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதி இது. ஒரு சிங்க் போடுவது சுலபம், அதன் குழாய் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. அக்கா ஆயில் வரைபவர், இன்னொருவர் அக்ரிலிக், மற்றொருவர் செப்புத் தகட்டை அமிலத்தில் அரித்துப் பிரின்ட் எடுப்பவர். மூன்றும் பத்து மீட்டர் தள்ளி ஏரியில் போய் விழுந்தால் 'இயற்கையோடு இயைந்த' என்று எப்படி எழுதுவது? ஆகவே சிங்க் அறைக்கு அறை வேண்டாம் என்று முடிவு செய்தோம். மூன்று அறைக்கு ஒன்றாக இரண்டு கழுவும் கொட்டில்கள், ஆழமான சீமெந்துத் தொட்டி, இடுப்பளவு உயரம். அக்ரிலிக் தண்ணீர் வரிசையாக மூன்று பீப்பாய்களில் இறங்கும். ஒவ்வொன்றிலும் வண்டல் அடியில் தங்க, மேல்தண்ணீர் மட்டும் அடுத்ததற்கு வழியும். டர்பன்டைன் குழாய்க்கே போகாது. போத்தலில் விட்டுவைத்தால் நிறம் அடியில் இறங்கும், மேலே தெளிந்ததைத் திரும்பப் பாவிக்கலாம். அக்கா வருடக்கணக்காக அப்படித்தான் செய்கிறார், அந்தப் போத்தல்களுக்கு ஒரு தட்டு மட்டும் வேண்டும் என்றார். அமிலத்துக்கு மூடியோடு தனிக் கலன், அது லொறியில்தான் வெளியே போகும். முதல் தாளில் கால்வாசியை இந்தப் பீப்பாய்களின் வெட்டுமுகப் படத்துக்குக் கொடுத்தோம்.

பூஞ்சணத்தை மறந்துவிட்டேனே. ஈரப்பதம் எழுபது வீதத்தைத் தாண்டி நின்றால் கான்வாஸ் பூக்கத் தொடங்கும், ஏரிக்கரையில் அது தாண்டாத நாளைத்தான் எண்ண வேண்டும். அக்கா படங்களை அலுமாரிக்குள் வைத்து நாற்பது வாட் பல்ப் ஒன்றை எரிய விடுவார். இப்போது கடையில் எல்லாம் எல்ஈடி, சூடே வராது, பழைய பல்புக்காகப் புறக்கோட்டையில் அலைகிறார். நாங்கள் கட்டடத்தின் நடுவில், வெளிச்சுவர் படாத ஓர் அறையைப் படங்களுக்கென்று ஒதுக்கி, குசினிச் சுவரோடு ஒட்டி வைத்தோம். அடுப்புச் சூடு சும்மா போவானேன்.

மே கடைசியில், மழை பிடித்த வாரத்தில் தாள்களை அனுப்பினோம். அனுப்பிய மறுநாள் நிலத்தைப் பார்க்கப் போனேன். போக வேண்டிய அவசியம் இல்லை, மனம் கேட்கவில்லை. கும்புக் மரத்தின் கோட்டுக்கு இரண்டு சாண் கீழே தண்ணீர் நின்றது. தோணிக்காரர் என்னைக் கண்டதும் மரத்தைக் காட்டித் தலையாட்டினார்.

பிரதி ஒன்றை அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் விரித்துப் பார்த்தார். தொட்டியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பீப்பாய்களை எண்ணினார். கண்பட்டைச் சுவர் எதற்கென்று கேட்டார், சொன்னேன், "அட" என்றார். பிறகு வாசலிலிருந்து வேலை அறை வரை விரலால் நடந்து வந்து, கும்புக் மரத்தைச் சுற்றிப் பாதை திரும்பும் இடத்தில் நின்றார். அந்த மரத்துக்காகவே பாதையை அப்படி வளைத்து, வேலை அறைச் சுவருக்கும் மரத்துக்கும் இடையில் 90 சென்டிமீட்டர் விட்டிருந்தோம். வடிவான திருப்பம், தோழியின் கைவண்ணம்.

"ஏழடிக்கு அஞ்சடி கான்வாஸை இதுக்குள்ளால எப்படித் தங்கச்சி திருப்புறது?"

நான் தாளைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தார்.

"சரி விடு," என்றார், "சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டு போறன்."

முடிவு அடுத்த மாதம்.