விழப்போற பல்லுக்கு நாலு தடவை கும்பகோணம்

பாப்பாவுக்கு அஞ்சரை வயசு. கீழ்க் கடவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு புள்ளி இருந்ததை மாசி மாசமே பார்த்தேன். பார்த்தும் சும்மா இருந்தேன். "பால் பல்லுதானே, தானா விழுந்து முளைக்கும், அதுக்குப் போயி யாராவது காசக் கொட்டுவாங்களா" என்று அத்தை சொன்னார். எனக்கும் அது வசதியாக இருந்தது, சரி என்று விட்டுவிட்டேன். பழியை முழுக்க மாமியார் தலையில் போட்டால் பாவம்.

புரட்டாசி முதல் வாரம் ஒரு ராத்திரி வலி என்று அழ ஆரம்பித்தாள். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்துப் பல்லில் வைத்தேன். வலி விட்டதோ இல்லையோ, ஈறு வெந்து வெள்ளையாகிவிட்டது. தயவுசெய்து அந்தத் தைலத்தைச் சின்னப் பிள்ளை வாயில் வைக்காதீர்கள். விடிந்து பார்த்தால் கன்னம் பன்னு மாதிரி உப்பியிருக்கிறது.

வலங்கைமானில் பஸ் ஏறி, கும்பகோணத்தில் தெரிந்தவர்கள் சொன்ன பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்றைக்குச் செவ்வாய். ரிசப்ஷனில் இருந்த பெண் பாப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "குழந்தைங்க டாக்டர் வியாழனும் ஞாயிறும்தான் வருவாங்கக்கா, போர்டுல போட்டிருக்கே." போட்டிருந்தது, உண்மைதான். நேரம் எழுதியிருந்ததற்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். உள்ளே பெரியவர்களுக்குப் பார்க்கிற டாக்டர் இருந்தார். முகம் இப்படி வீங்கியிருக்கிறதே, ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லும்மா என்றேன். டோக்கன் இல்லாமல் முடியாதாம். சரி, டோக்கன் கொடு என்றால், குழந்தைக்கு அந்த டாக்டர் டோக்கன் கிடையாதாம். இதே கேள்வியும் பதிலும் மூன்று சுற்று ஓடியது. அப்புறம் திரும்பி வந்துவிட்டோம்.

அங்கேயே நின்று சண்டை போட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குச் சாயங்காலமே காய்ச்சல். ஊர் டாக்டர் எடை பார்த்துக் காய்ச்சல் மருந்தும், அஞ்சு நாளைக்கு ஆன்டிபயாட்டிக் சிரப்பும் எழுதிக் கொடுத்து, எனக்கு ஒரு திட்டும் கொடுத்தார். வீக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் கண் பக்கமோ தாடைக்குக் கீழேயோ இறங்கினாலோ, பிள்ளை வாயைத் திறக்கவும் முழுங்கவும் சிரமப்பட்டாலோ, எந்த டாக்டர் எந்தக் கிழமை வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, நேரே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டுமாம்.

மூணே நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. வியாழக்கிழமை வந்தது. குறுவை அறுப்புக்கு மெஷின் அன்றைக்குத்தான் கிடைத்தது. போகவில்லை. பாப்பா நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாள், வலியும் இல்லை, அதனால் அடுத்த வியாழனும் போகவில்லை. மூணு வாரம் கழித்துப் பல் தேய்த்துவிடும்போது அந்தப் பல்லுக்கு நேர் கீழே ஈறில் அரிசி அளவுக்கு ஒரு கொப்புளம், அழுத்தினால் சீழ். மருந்து வீக்கத்தை அமுக்கும், அவ்வளவுதான். பல்லுக்குள்ளே நரம்பு செத்துப்போன இடத்தை மருந்து சுத்தம் பண்ணாது.

இரண்டாவது தடவை வியாழன் பார்த்துப் போனோம். டாக்டர் மேடம் நல்ல மாதிரி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எந்த வயசுல விழும்னு நெனச்சீங்க?" என்று கேட்டார். ஏழு, எட்டு என்றேன். முன்பல்தான் ஆறு ஏழு வயசில் விழ ஆரம்பிக்கும், கடவாய்ப் பால் பல் பத்திலிருந்து பன்னிரண்டு வயசு வரைக்கும் இருக்க வேண்டியது என்றார். இன்னும் அஞ்சாறு வருஷம் மெல்ல வேண்டிய பல்லைத்தான் நான் விழப்போற பல் என்று விட்டிருக்கிறேன். சரி, பிடுங்கிவிடலாமே என்றேன். பிடுங்கினால் பின்னால் வரும் பல் அந்தக் காலி இடத்தில் சாய்ந்துவிடும், அடியில் இருக்கிற நிரந்தரப் பல்லுக்கு இடம் இருக்காது, இடத்தைக் காப்பாற்றத் தனியாகக் கம்பி போட வேண்டிவரும் என்றார். பல்லுக்குள்ளே சுத்தம் பண்ணி அடைக்கிற வேர் சிகிச்சை பண்ணி ஸ்டீல் கேப் போடுவது என்று முடிவாயிற்று.

அத்தை "பல்லுல பூச்சி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பூச்சி எதுவும் இல்லை. இனிப்பைத் தின்கிற கிருமி விடுகிற அமிலம்தான் பல்லை அரிக்கிறது. எவ்வளவு தின்றாள் என்பதைவிட எத்தனை தடவை தின்றாள் என்பதுதான் கணக்காம். எங்கள் வீட்டில் வீரமாங்குடி அச்சு வெல்லம் எப்போதும் இருக்கும். அப்பாயியும் பேத்தியும் நாள் முழுக்க அதைக் கிள்ளிக் கிள்ளி வாயில் அடக்கிக்கொள்வார்கள். அதற்கு ஒரு வழியாக வெல்லத்தைச் சாப்பாட்டோடு மட்டும் என்று ஆக்கியிருக்கிறேன். அத்தை இன்னும் முறைக்கிறார்.

மூன்றாவது தடவை கவர் பிரச்சினை. எக்ஸ்ரேவைக் காக்கி கவரில் போட்டு எங்களிடமே கொடுத்திருந்தார்கள், அதை அத்தை பத்திரமாகக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார், எனக்கு அது தெரியாது. அது இல்லாமல் உள்ளே அனுப்ப மாட்டேன் என்று அதே ரிசப்ஷன். மறுபடி 200 ரூபாய் கட்டி எடுத்தோம். வாங்கின உடனே செல்லில் ஒரு போட்டோ பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குத்தான் வேர் சிகிச்சை. மரத்துப்போக ஊசி போட்டதற்குக்கூடப் பாப்பா பெரிதாக அழவில்லை. வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் அமைதியாகிவிட்டாள். அசதி போல என்று நானும் கண்ணை மூடினேன். இறங்கும்போது பார்த்தால் என் முந்தானை நுனியெல்லாம் ரத்தம். மரத்துப்போன கீழுதட்டை வழி முழுக்கக் கடித்து மென்றுகொண்டே வந்திருக்கிறாள், அவளுக்கு வலிக்கவே இல்லை. "அம்மா, உதடு ரப்பர் மாதிரி இருக்கு" என்று சிரிக்கிறாள். மறுநாள் உதடு தொங்கி, மேலே வெள்ளையாகப் படிந்திருந்தது. சீழ் என்று பயந்து போன் போட்டேன். சீழ் இல்லை, கடித்த புண் ஆறும்போது அப்படித்தான் இருக்கும், சுரண்டாதீர்கள், குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள், ஒரு வாரம் பத்து நாளில் சரியாகிவிடும் என்றார் மேடம். ஆறிவிட்டது. மரப்பு விட இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் சாப்பாடு கொடுக்கக் கூடாது, தூங்கவிடக் கூடாது, வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் பில்லுக்குப் பின்பக்கம் அச்சடித்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். வாயைத் திறந்து ஒருத்தரும் சொல்லவில்லை.

நான்காவது தடவை கேப் போட்டார்கள், பத்து நிமிஷம். மொத்தம் 6,500 ரூபாய், பஸ் செலவு, நாலு நாள் எனக்குப் போன தையல் கூலி தனி. மாசி மாசமே போயிருந்தால் சின்னதாக அடைத்து அனுப்பியிருப்பார்களாம்.

அன்றைக்கு மேடம் இன்னொன்றும் காட்டினார். கடைசிக் கடவாய்ப் பல்லுக்கும் பின்னால் ஈறைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒரு முனை. ஆறு வயசுப் பல். எந்தப் பல்லும் விழாமல் புதிதாக முளைப்பதால் நிறையப் பேர் இதையும் பால் பல் என்று விட்டுவிடுகிறார்களாம், ஆனால் இதுதான் கடைசி வரைக்கும் இருக்கப்போகிற பல். ராத்திரி இப்போது நான்தான் பின்னால் உட்கார்ந்து தலையை மடியில் சாய்த்துத் தேய்த்துவிடுகிறேன். பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட், துப்பினால் போதும், கொப்புளிக்க வேண்டாம். ஏழெட்டு வயசு வரைக்கும் இப்படித்தான்.

அந்தப் பல் முழுசாக வெளியே வந்ததும் பள்ளத்தில் சொத்தை பிடிக்காமல் ஒரு பூச்சு போட வரச் சொல்லியிருக்கிறார். இப்போது வந்துவிட்டது. நாளைக்கு வியாழன். டாக்டர் வருகிறாரா என்று காலையிலேயே போன் போட்டுக் கேட்டேன். "போர்டுல போட்டிருக்கேக்கா" என்றாள். இருந்தாலும் சொல்லும்மா என்றேன்.