போர்ட் எலனில் ஒரு டிராம் விஸ்கி

கென்னகிரெய்க்கில் கிளம்பிய ஃபெர்ரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடலில் ஆடி, போர்ட் எலன் துறைக்குள் திரும்பியது. ஊர் கண்ணில் தெளிவதற்குள் அதன் வாசம் மூக்குக்கு வந்துவிட்டது. ஈர மண்ணை அடுப்பில் போட்டதுபோல ஒரு புகை.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் இந்த ஐலா தீவில் மரங்கள் குறைவு. சதுப்பில் பாசியும் புதரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிப் படிந்த பீட்டைத்தான் செங்கல் செங்கல்லாக வெட்டி, காயவைத்து எரித்திருக்கிறார்கள். முளைவிட்ட பார்லியை அந்தப் புகையில் உலர்த்தும்போது பீனால்கள் என்ற புகைவாசனைப் பொருள்கள் உமியில் ஏறிக்கொள்கின்றன. ஐலா விஸ்கியின் டிஞ்சர் வாசனைக்கு அதுதான் காரணம்.

மறுநாள் லஃப்ரோய்க், லகவூலின், ஆர்ட்பெக் என்ற மூன்று விஸ்கி டிஸ்டிலரிகளையும் நடந்தே பார்த்தேன். கடலோரமாகப் போகும் பாதை, ஐந்து கிலோமீட்டர்தான். மூன்றுமே அருமை. ஆனாலும் நான் இவ்வளவு தூரம் வந்தது போர்ட் எலன் விஸ்கிக்காக.

1825-இல் தொடங்கிய டிஸ்டிலரி அது. விற்காத விஸ்கி கிடங்குகளில் தேங்கிக் கிடந்த காலத்தில், 1983-இல், மூடிவிட்டார்கள். மீண்டும் திறந்தது 2024 மார்ச்சில். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளும் பக்கத்திலேயே, 1973-இல் வந்த, பார்லியை முளைவிடவைத்து உலர்த்தும் பெரிய மால்ட் ஆலை மட்டும் நிற்காமல் ஓடி, தீவின் மற்ற டிஸ்டிலரிகளுக்கு பார்லியைப் புகைபோட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. வடிப்பு நின்றுபோன ஊரில் புகை நிற்கவில்லை. இதை நினைக்க நினைக்க எனக்கு மனம் கனத்தது.

மாலையில் ஒரு சின்ன பாருக்குப் போனேன். 1982-இல் வடித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பீப்பாயில் கிடந்த போர்ட் எலன் ஒரு பாட்டில் அங்கே இருந்தது. 25 மில்லி, அன்றைய என் அறை வாடகையைவிட அதிகம். பரிமாறிய அம்மாள் ஐஸ் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. தண்ணீர்க் குவளையையும் ஒரு சிறு ஸ்பூனையும் பக்கத்தில் வைத்துவிட்டு, "அவசரப்படாதீர்கள், அது இவ்வளவு நாள் காத்திருந்தது" என்றார்.

வெளிர் வைக்கோல் நிறம். ஏற்கெனவே விஸ்கி கண்ட பழைய ஓக் பீப்பாய் என்பதால் மரம் அதிகம் சாயம் ஏற்றவில்லை. புகை முகத்தில் அறையும் என்று நினைத்து மூக்கை எட்டவே வைத்திருந்தேன். முதலில் வந்தது எலுமிச்சைத் தோல். பிறகு மெழுகு, உப்புக் காற்று. புகை எங்கே என்று தேடவேண்டியிருந்தது. வாயில் வைத்து விழுங்கிய பிறகுதான் அது அடியிலிருந்து மெல்ல எழுந்தது: சமையல் முடிந்து தணல் அவிந்த விறகடுப்பில் தண்ணீர் தெளித்தால் வருமே, அந்தச் சாம்பல் வாசனை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் இனிப்பு கொஞ்சம் விரிந்தது.

பீப்பாயில் கிடக்கக் கிடக்கப் பீட்டின் முரட்டுத்தனம் தணியும். அளவும் குறையும்; ஆண்டுக்கு இரண்டு சதவீதம் ஆவியாகும் என்று வைத்தாலே முப்பது ஆண்டில் பாதியை நெருங்குகிறது. இளம் ஆர்ட்பெக்கின் புகையை நான் இன்றும் விரும்புகிறேன். அதற்கு பீனால் பத்து லட்சத்தில் 55 பங்கு (55 பி.பி.எம்.) அளவில் ஏற்றிய மால்ட், வாய் முழுக்கக் கரி. ஆனால் புகை இவ்வளவு அடங்கியும் பேசும் என்பது இந்த 25 மில்லியில்தான் தெரிந்தது. முடிக்க ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அந்த அம்மாளிடம், கிளாஸைக் கழுவாமல் தருவீர்களா, காலையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டேன். ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார். அறையில் ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தூங்கினேன். விடியற்காலை, ஃபெர்ரிக்குப் போகும் முன் எடுத்து முகர்ந்தேன். எலுமிச்சையும் மெழுகும் போயிருந்தன. காய்ந்த கிளாஸின் அடியில் புகை மட்டும் அப்படியே இருந்தது.