அப்பாவும் ஒரு பம்பும்

போன மாதம் அப்பா ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். சிறுநீர்த் தொற்று. முதலில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் இரண்டு நாளாகியும் காய்ச்சலை இறக்கவில்லை. சிறுநீரில் கிருமியை வளர்த்துப் பார்த்த அறிக்கை வந்ததும் மருந்தை மாற்றினார்கள். மறுநாள் மாலையே எழுந்து உட்கார்ந்து, அம்மா கொண்டுவந்த ரசத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“ஈ.கோலி கிருமி, முதல் மருந்துக்கு அடங்காத வகை” என்று டாக்டர் சொன்னது அவர் மனத்தில் நின்றுவிட்டது. என்னிடம் கேட்டார்: “மருந்து அதற்குள்ளே போகவே இல்லையா அம்மா?”

சிங்கப்பூரில், புவன விஸ்தாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். பாக்டீரியாவின் சவ்வில் பதிந்து, பொருள்களை உள்ளேயும் வெளியேயும் கொண்டுசெல்லும் கடத்துப் புரதங்களைப் பிரித்துத் தூய்மைப்படுத்துவது என் வேலை. வீட்டில் யாரும் அதன் மையத்தைத் தொட்டு இப்படிக் கேட்டதில்லை.

கிருமி மருந்துக்கு அடங்காமல் போகப் பல வழிகள் உண்டு. மருந்தையே வெட்டிப்போடும் நொதி இருக்கலாம். மருந்து குறிவைக்கும் இடத்தையே கிருமி மாற்றிக்கொண்டிருக்கலாம். நான் தினமும் பழகும் வழியைச் சொன்னேன். “போகிறது அப்பா. போனதை இறைத்து வெளியே கொட்டிவிடுகிறது. அதனிடம் பம்ப் இருக்கிறது.”

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பத்தோரு ஆண்டுகள் பம்ப் ஃபிட்டராக இருந்தவர். தலையணையை நிமிர்த்திவைத்துக்கொண்டு, “என்ன வகைப் பம்ப்?” என்றார்.

ஈ.கோலிக்கு இரண்டு சவ்வுகள். எங்கள் யீஷூன் வீட்டை வைத்தே சொன்னேன். வீட்டுக் கதவு உள்சவ்வு, தாழ்வாரத்தின் கைப்பிடிச் சுவர் வெளிச்சவ்வு, நடுவே தாழ்வாரம். வெளிச்சவ்வில் போரின் என்ற புரதங்கள் சிறு துளைகளாக இருக்கின்றன. சின்ன மூலக்கூறுகள் அவற்றின் வழியே தாமாக நுழையும். பல மருந்துகளுக்கும் அதுதான் பாதை. பம்ப் வீட்டுக் கதவில் பொருத்தியிருக்கிறது, ஆனால் அதன் பெரும்பகுதி தாழ்வாரத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் ஏசிஆர்-பி. மேலே டால்-சி என்ற குழாய், கிட்டத்தட்ட 14 நானோமீட்டர் நீளம், வெளிச்சவ்வைத் துளைத்துக்கொண்டு நிற்கும். இரண்டையும் ஏசிஆர்-ஏ என்ற புரதம் இணைக்கிறது. மருந்து வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே தாழ்வாரத்தில் வைத்துப் பிடித்து, குழாய் வழியே தெருவுக்கே தள்ளிவிடுகிறது. தாழ்வாரத்தில் விட்டால் திரும்ப வந்துவிடும் அல்லவா? இந்த அமைப்பின் சாமர்த்தியம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஏசிஆர்-பி ஒரே புரதத்தின் மூன்று பிரதிகள் சேர்ந்தது. 2002-இல் ஜப்பானில் முராகாமியும் யாமகுச்சியும் அதன் வடிவத்தை முதலில் காட்டியபோது மூன்றும் ஒன்றுபோலவே தெரிந்தன. 2006-இல் வந்த படங்களில்தான் உண்மை தெரிந்தது. ஒன்று வாயைத் திறந்து மருந்தை உள்ளே விடுகிறது, அடுத்தது இறுக்கிப் பிடித்திருக்கிறது, மூன்றாவது மேலே துப்புகிறது. பிறகு முறை மாறுகிறது. சக்கரம் போலச் சுழல்வதில்லை. ஒவ்வொன்றும் இருந்த இடத்திலேயே வடிவம் மாறுகிறது.

“மூன்று பிளஞ்சர் பம்ப்” என்றார் அப்பா, நான் முடிப்பதற்குள். பிளஞ்சர் என்பது முன்னும் பின்னும் அடித்து நீரைத் தள்ளும் தண்டு. “மூன்றையும் ஒரே நேரத்தில் அடிக்க விட மாட்டோம். முறைவைத்து அடித்தால்தான் ஓட்டம் விடாமல் வரும்.” போர்வையின் மேல் மூன்று விரல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிக் காட்டினார். கருத்தரங்குகளில் எத்தனையோ அசைபடங்கள் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று விரல்களில் தெரிந்த தெளிவு அவற்றில் இல்லை.

அடுத்த கேள்வி: “எதில் ஓடுகிறது?”

புரோட்டானில், அதாவது நேர்மின்னேற்றம் கொண்ட ஹைட்ரஜன் அயனியில் ஓடுகிறது. பாக்டீரியா சுவாசிக்கும்போது புரோட்டான்களை உள்சவ்வுக்கு வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அவை திரும்ப உள்ளே வரத் துடிக்கின்றன. அந்த நெருக்குதலைக் கொண்டுதான் செல் வேலை வாங்குகிறது என்று 1961-இல் பீட்டர் மிட்சல் என்ற உயிர்வேதியியலாளர் சொன்னபோது பலர் நம்பவில்லை; 1978-இல் அதற்கே நோபல் பரிசு கிடைத்தது. அப்பாவுக்கு இதை நம்புவதில் ஒரு சிரமமும் இல்லை. “பழைய கப்பல்களில் பாய்லர் ஒன்றுதான். நீராவிக் குழாய் கப்பல் முழுக்க ஓடும். எந்தப் பம்புக்கு வேண்டுமோ அங்கே ஒரு கிளை எடுப்போம்.” அதுவேதான். லாக்டோஸ் சர்க்கரையை உள்ளே கொண்டுவரும் லாக்-ஒய் புரதமும் அதே குழாயில்தான் கிளை எடுக்கிறது: ஒரு சர்க்கரைக்கு ஒரு புரோட்டான், இரண்டும் சேர்ந்தே உள்ளே வரும். ஏசிஆர்-பியில் புரோட்டான் உள்ளே வர, மருந்து வெளியே போகிறது.

“கசியாதா?” முப்பத்தோரு ஆண்டும் கசிவோடு மல்லுக்கு நின்றவர் கேட்காமல் இருப்பாரா!

கடத்துப் புரதம் ஓட்டை அல்ல என்பதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும். பள்ளிப் படங்களில் சவ்வின் குறுக்கே ஒரு சுரங்கம் வரைந்துவிடுகிறார்கள். அது எனக்குப் பொறுக்காது. சாங்கி விமான நிலையத்துத் தானியங்கிக் குடிநுழைவுத் தடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கதவு திறக்கும், உள்ளே நிற்போம், அது மூடிய பிறகுதான் எதிர்க்கதவு திறக்கும். இரண்டும் ஒருசேரத் திறப்பதில்லை. லாக்-ஒய் அப்படித்தான். சவ்வைக் கடக்கும் 12 சுருள்கள் ஆறாறாக இரு பாதிகள். நடுவே சர்க்கரைக்கு இடம். 2003-இல் கபாக், இவாடா குழுவினர் காட்டிய படத்தில் அது உட்பக்கம் மட்டும் வாய் திறந்து நின்றது. இரு வாயும் ஒன்றாகத் திறந்தால் புரோட்டான்கள் வெறுமனே கொட்டிவிடும். நீராவிக் குழாய் வெடித்த கப்பலின் கதிதான்.

“இவ்வளவு சின்னதை எப்படிக் கழற்றினீர்கள்?” என்றார். சோப்புதான். சவ்வுப் புரதத்தின் இடுப்பு கொழுப்பில் வாழ்ந்து பழகியது. வெறும் நீரில் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அதனால் சர்க்கரைத் தலையும் கொழுப்பு வாலும் உள்ள ஒரு டிடர்ஜென்டை இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டு வெளியே எடுக்கிறோம். நான்கு டிகிரி குளிரறையில், வெளியே வெயில் கொளுத்த, ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியுமாக நிற்பேன். கடைசியில் புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தில், பெரிய கட்டிகள் வரும் முதல் இடத்திலேயே மேடு எழும்பினால் புரதம் கட்டியாகிவிட்டது என்று பொருள். இரண்டு வார உழைப்பு போயிற்று. நிறைய முறை போயிருக்கிறது. சரியான இடத்தில் கூர்மையாக ஒரு மேடு எழும் நாளில் யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல் இருக்கும்.

ஏசிஆர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னேன். அக்ரிஃபிளேவின். சிராய்ப்புக்குத் தடவும் மஞ்சள் மருந்து. இந்தப் பம்ப் கெட்டுப்போன ஈ.கோலி அந்த மஞ்சள் மருந்தைத் தாங்காமல் செத்துப்போகும். அதிலிருந்து வந்த பெயர். அப்பா தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பட்டறை முதலுதவிப் பெட்டியில் எந்நேரமும் இருந்த மருந்து அது.

கிருமி நமக்கு எதிராக இந்தப் பம்பைக் கண்டுபிடித்தது என்றும் நினைத்துவிடக் கூடாது. ஈ.கோலி குடலில் வாழ்கிறது. அங்கே பித்த உப்புகள் அதன் சவ்வையே கரைக்க வல்லவை. அவற்றை இறைத்து வெளியேற்றுவதும் இதே பம்ப்தான். 1928-இல் ஃபிளெமிங் பெனிசிலினைக் காண்பதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அது அந்த வேலையைச் செய்துவருகிறது. பலவகைக் கொழுப்பு விரும்பிப் பொருள்களைப் பிடிக்கும்படி அதன் பை, அதாவது பொருள் வந்து உட்காரும் குழி, அகலமாக இருப்பதால், நம் மருந்துகளும் மாட்டிக்கொள்கின்றன.

அப்பா சற்று நேரம் பேசவில்லை. தாதி வந்து சொட்டு மருந்துப் பையை மாற்றிவிட்டுப் போனார்.

“கப்பலின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்பை நிறுத்த ஒரு கந்தல் துணி போதும்” என்றார் பிறகு. “உறிஞ்சும் வாயில் போய் உட்கார்ந்துகொண்டால் மூன்று பிளஞ்சரும் சும்மா அடிக்கும்.”

அதைத்தான் பலர் தேடுகிறார்கள் என்றேன். 2013-இல் ஜப்பானியக் குழு ஒன்று, அப்படி ஒரு மூலக்கூறு ஏசிஆர்-பியின் பைக்குள் போய் அடைத்துக்கொண்டிருப்பதைப் படமாகவே காட்டியது. ஆனால் இந்த வகை மருந்து எதுவும் இன்னும் நோயாளியின் கைக்கு வரவில்லை.

“துணி மனிதனுக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமே” என்றார் அப்பா. சொட்டு மருந்து இறங்கும் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, பையிலிருந்து விழும் துளிகளை எண்ணத் தொடங்கினார்.